ஒரு நாள் தங்கிய படம்

“நான் சொல்றதக் கொஞ்சம் கேளும்மா, அது—”

“உன்ற பேச்சக் கேட்டுத்தான்டா இன்னைக்கு இப்பிடி நிக்கறோம்—”

“—கீழயே தெளிவா எழுதியிருந்துச்சு, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் இந்தப் படம் இருக்கும்னு—”

“எழுதியிருந்துச்சாமா, எழுதி! பொண்ணு போட்டோ பாக்கறவன் மூஞ்சியப் பாப்பானா, கீழ என்ன எழுதியிருக்குதுன்னு எழுத்துக் கூட்டிட்டு இருப்பானா?”

ரத்தினபுரியில் அந்த வரிசை வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக் குழம்பு கொதிக்கிற வரைக்கும் தூக்கம்தான். இன்று பழனியாத்தாளின் குரல் எல்லோரையும் எழுப்பிவிட்டது. பக்கத்து வீட்டு சாஜிதா பேகம் குழாயடியில் குடத்தை வைத்தவள், அது நிரம்பி வழிந்து காலை நனைப்பதுகூடத் தெரியாமல் காதை இங்கே கொடுத்திருந்தாள்.

பழனியாத்தாள் சத்தம் போடுகிற ரகம் அல்ல. அங்கன்வாடியில் ஒரு கூட்டம் வாண்டுகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள். புருஷன் போன பிறகு மகளையும் மகனையும் யாரிடமும் கை நீட்டாமல் வளர்த்து ஆளாக்கியவள். அவளே இப்படி வெடிக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் சாமி படத்துக்குக் கீழே இருந்த வெற்றிடம். இன்று காலை வரை அங்கே மஞ்சள் தடவிய ஒரு கவர் இருந்தது. கவருக்குள் வெள்ளகோவில் மாப்பிள்ளை அன்புமணியின் போட்டோ இருந்தது.

சற்று முன்னால் தரகர் பாலுசாமி வந்தார். உட்காரவில்லை. போட்ட டீயைக் குடிக்கவில்லை.

“மாப்ள போட்டோவக் குடுத்துருங்க அம்மிணி. ‘அவிங்க போட்டோவ அவிங்க எடுத்துக்கிட்டாங்க, நம்ம போட்டோவ நாம வாங்கிக்கலாம்’னு மாப்ள ஊட்டுல சொல்லிப்போட்டாங்க” என்றார்.

அவர்கள் சனத்தில் அது ஒரு வழக்கம். பெண்ணின் போட்டோ அந்த வீட்டுக்கும் மாப்பிள்ளையின் போட்டோ இந்த வீட்டுக்கும் போகும். பிடித்திருந்தால் போட்டோ போன இடத்திலேயே தங்கிவிடும். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரும். வேண்டாம் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. திரும்பி வந்த போட்டோவே பதில். அப்படியிருக்க, அனுப்பிய போட்டோ பார்ப்பதற்கு முன்பே மாயமானால்? கொடுத்த கையே பிடுங்கிக்கொண்டது என்றுதானே அர்த்தமாகும்?

“நேத்துச் சாயங்காலம் சொந்தபந்தம், ஒறம்பரைச் சனத்தையெல்லாம் கூப்புட்டு, பொண்ணு போட்டோவ டிவியில பெருசாக் காட்டறோம்னு உக்கார வெச்சிருக்கறாங்க” என்று பாலுசாமி வாசற்படியில் நின்றே சொன்னார். “அமுத்துனா, சாம்பக் கலர்ல ஒரு கட்டம் வந்துச்சாமா. ‘இந்தப் படம் இப்போது இல்லை’ன்னு. மாப்ளயோட பெரியப்பன் எந்திரிச்சு, ‘இவ்வளவு திமிரு புடிச்ச எடத்துல பொண்ணு எடுக்கோணுமா?’ன்னு வேட்டிய உதறிட்டுப் போயிட்டாராமா. எனக்கும் ஊருக்குள்ள தலை காட்ட முடியலீங்க.”

பழனியாத்தாள் தன் கையாலேயே அந்தக் கவரை எடுத்துக் கொடுத்தாள்.

போன வாரம் வரை இந்தத் தொடரோடு கூட வந்தவர்களுக்குப் பழனியாத்தாளின் மகள் யுவஸ்ரீயின் போட்டோ பட்ட பாடு மறந்திருக்காது. ஆர்.எஸ்.புரத்தில் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் டெக்னீஷியனாக இருக்கும் பெண். முன்னால் ஒரு புரோக்கரை நம்பிக் கொடுத்த போட்டோ, அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் ஏறி, அங்கிருந்து யார் யார் போனுக்கோ தாவியது. கடைசியில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவன் எதிரே வந்து, “யுவஸ்ரீதானுங்க நீங்க? நேர்ல கொஞ்சம் எளச்சாப்ல இருக்கறீங்க” என்று பல்லைக் காட்டினான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு அவள் சொன்னாள்: “இனிமே என்ற போட்டோ எவன் போன்லயும் தங்கக் கூடாது. பாத்தாங்களா, முடிஞ்சுதா, போயிரோணும்.”

தம்பி கதிர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அவன் செய்த ஏற்பாடுதான் இப்போது வீட்டைக் கவிழ்த்திருந்தது.

“மறுபடியும் சொல்றேன், பொறுமையாக் கேளும்மா. வரன் கேட்டு வர்ற மெசேஜுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரு ஏ.ஐ. ஏஜெண்ட் வெச்சிருக்கறேன்—”

“எனக்குத் தெரியாம ஏஜெண்டா? பாலுசாமிய வெச்சே மாரடிக்க முடியல, இவன் வேறயா?”

“ஆளில்லம்மா, கம்ப்யூட்டர்! அது பேசும், பதில் எழுதும். ஆனா ஒரு படத்தக் கையில எடுத்துட்டுப் போய்க் காட்ட அதுக்கு முடியாதல்ல? எங்கயாச்சும் ஒரு எடத்துல வெச்சுட்டு, ‘இங்க இருக்குது, பாத்துக்குங்க’ன்னு லிங்க் குடுக்கும். இந்த மாதிரி ஏஜெண்டுக படத்த வெச்சு எடுக்கறதுக்குன்னே எங்க கம்பெனியில ஒரு எடம் பண்ணியிருக்கறோம். திருப்பூர் பனியன் கம்பெனியில துணி ஓட்டையாயிருந்தா போட்டோ எடுப்பாங்க. ஒரு ஏஜெண்ட் அத அங்க வெக்கும். இன்னொரு ஏஜெண்ட் பாத்துட்டு என்ன கோளாறுன்னு சொல்லும். சொன்னதுக்கப்பறம் படம் எதுக்கு? ஒரு நாள்ல தானா அழிஞ்சிரும்.”

“ஓட்டைத் துணி வெக்கிற எடத்துலயா என்ற புள்ளையக் கொண்டு போயி வெச்சே?”

“அய்யோ, உனக்கு எப்பிடிச் சொல்றது... நம்ம காந்திபுரத்துல லாட்ஜு இருக்குதல்ல? ஒரு நாள் வாடகை. மறுநா அதே நேரத்துக்கு ரூமக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. அதாட்டத்தான்.”

சொன்ன பிறகுதான் கதிருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

“லாட்ஜா?” பழனியாத்தாள் எழுந்தே விட்டாள். “என்ற புள்ளைய லாட்ஜுல தங்க வெச்சேன்னு என்ற மூஞ்சிக்கு நேராச் சொல்றியாடா நீ?”

வெளியே சாஜிதா பேகத்தின் குடம் சாய்ந்து உருண்டது.

“நானும் தினத்துக்கும் அங்கன்வாடிப் புள்ளைக போட்டோவப் போன்ல ஏத்திட்டுத்தான இருக்கறேன்? போன வருசம் ஏத்துனதுகூட அப்பிடியே கெடக்குது. ஒண்ணும் அழியறதில்ல. உன்ற கம்பெனியில மட்டும் என்ன அக்குறும்பு இது?”

“அழியறதுதாம்மா அதோட வேலையே!”

“அது அழியட்டும். என்ற புள்ள கல்யாணத்தையும் சேர்த்தல்ல அழிச்சுப்போட்டுது?”

அதுதான் உண்மையில் அடி பட்ட இடம். வந்து போன வரன்களில் யுவஸ்ரீ தானாகச் ‘சரி’ என்றது இந்த ஒன்றுக்குத்தான். அன்புமணிக்கு வெள்ளகோவில் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. போட்டோவில் மாட்டின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு நின்றான். “கோட்டு சூட்டுப் போடாம மாட்டோட நிக்கறான் பாரும்மா” என்று அவள் சிரித்தாள். அதற்கப்புறம் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சாமி கும்பிடுகிற நேரம் கொஞ்சம் கூடிப்போனதைப் பழனியாத்தாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

இப்போது யுவஸ்ரீ அறையிலிருந்து வெளியே வந்தாள். தலையில் ஈரத் துண்டு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“அவனத் திட்டாதம்மா. நான் சொல்லித்தான் செஞ்சான்.”

“உன்னையும் சேத்துத்தான் திட்டோணும். ஒண்ணுக்கு ரெண்டு படிச்சுப்போட்டு, ஒரு போட்டோவ ஒழுங்காக் குடுக்கத் தெரியல.” பழனியாத்தாள் பீரோவைத் திறந்து, அடியில் கிடந்த ஸ்டுடியோ போட்டோவை எடுத்தாள். நீலத் திரைக்கு முன்னால் யுவஸ்ரீ விறைத்துக்கொண்டு நிற்கிற போட்டோ. “நான் வெள்ளகோவிலுக்குப் போறேன். நேர்ல சொல்லிப்போட்டு இதக் குடுத்துட்டு வாரேன். கதிரு, நீயும் கெளம்பு. நீ பண்ணுன கோளாற நீயே அவிங்களுக்குச் சொல்லு.”

“நானும் வாரேன்” என்றாள் யுவஸ்ரீ.

“பொண்ணு மாப்ள ஊட்டுக்குப் போறதா? ஊரு சிரிக்கும்.”

“ஊரு நேத்தே சிரிச்சிருச்சும்மா, டிவி போட்டு. நான் வந்து நின்னா, பொண்ணு எங்கயும் ஓடி ஒளியலைன்னாவது தெரியும்.”

பழனியாத்தாள் போட்டோவை ஒரு கவரில் போட்டாள்.

சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறினார்கள். மூன்று பேர் சீட்டில் தாய்க்கும் மகனுக்கும் நடுவில் யுவஸ்ரீ உட்கார்ந்தாள். சூலூர் தாண்டியதும் கதிர், “ஒரு நாளைக்குப் பதிலா ஒரு வாரம்னு மாத்தியிருக்கலாம்” என்று முணுமுணுத்தான். “மாத்தியிருக்கலாம், மாத்தியிருக்கலாம்” என்று பழனியாத்தாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே திருப்பிச் சொன்னதில் அவன் அதோடு அடங்கினான்.

பல்லடத்தில் பஸ் நின்றபோது பழனியாத்தாளின் போன் அடித்தது. தங்கை ஜெபமணி.

“எங்கக்கா இருக்கறே? ஒரே சத்தமாக் கெடக்குது?”

“பஸ்ஸுல. ஒரு சோலியாப் போறேன்.”

“ஞாயித்துக்கெழமை என்ன சோலி? கோயில் முடிஞ்சு அப்பிடியே உன்ற ஊட்டுக்கு வரலாம்னு பாத்தேன். கதிருக்கு ஆட்டுக்கால் சூப்பு வெச்சிருக்கறேன்.”

“வந்துட்டுக் கூப்படறேன். வெய்யி.”

போனை மடியில் வைத்ததும் யுவஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். “இந்த வரன் விசயம் சின்னம்மாவுக்குச் சொல்லலையாம்மா?”

“உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் ஆனதுக்கப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“ஏன்?”

“எல்லாத்துக்கும் ஏன் ஏன்னா?”

ஜெபமணி பாக்கியசாமியைக் கட்டிக்கொண்டு அவருடைய சர்ச்சுக்குப் போனவள். அதைப் பழனியாத்தாள் குறையாக நினைத்ததே இல்லை. ஆனாலும் வெள்ளகோவில்காரர்கள் காதுக்கு அது இப்போதே போக வேண்டாம் என்று ஒரு எண்ணம். எங்கிருந்து வந்தது அந்த எண்ணம் என்று அவள் யோசிக்கவில்லை. காங்கயம் வந்தது, கண்டக்டர் கத்தினார், அந்த யோசனையும் அங்கேயே இறங்கிக்கொண்டது.

மாப்பிள்ளையின் அப்பா மாசாணத்தின் வீடு தறிக் கூடங்களுக்குப் பின்னால் இருந்தது. ஞாயிறு என்றாலும் தறிகள் ஓயவில்லை, தடதடவென்று தரையெல்லாம் அதிர்ந்தது. மாசாணம் எண்ணெய் மில்லில் எடை போடுகிறவர். அப்பன் தாத்தன் காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலி. இவர் காலத்தில்தான் சொந்தமாக ஒரு வீடு. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு டிவி மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் பழனியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதில்தானே நேற்று...

“வாங்க வாங்க, உள்ள வாங்க. அம்மிணியுமா வந்திருக்குது? உக்காருங்க.” மாப்பிள்ளையின் தாய் கருணாம்பாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ இருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. “வெயில்ல வந்திருக்கறீங்க. காப்பி வெக்கட்டுங்களா?”

“வேண்டாமுங்க அண்ணி. ஒரு தப்பு நடந்துபோச்சு. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தோம்.”

பழனியாத்தாள் சொன்னாள். ஆளில்லாத ஏஜெண்டு, அது படத்தை வைக்கிற இடம், ஒரு நாளில் அழிவது, எல்லாவற்றையும் கதிர் சொன்ன மாதிரியே சொன்னாள். லாட்ஜை மட்டும் விட்டுவிட்டாள். கதிர் நடுநடுவே, “என்ற தப்புத்தானுங்க அத்தை” என்றான்.

“அதுக்கென்னுங்க” என்றாள் கருணாம்பாள். “உங்க போட்டோ, நீங்க எடுத்துக்கிட்டீங்க. நாங்க ஒரு கண்ணுகூடப் பாக்கலீங்க. பாக்காத பொண்ணப் பத்தி நல்லதோ கெட்டதோ நாங்க என்னத்தச் சொல்றது? பெரியவிங்கெல்லாம் உக்காந்திருக்கறப்ப இப்பிடி ஆயிப்போச்சேன்னுதான் வெசனம்.”

மாசாணம் ரிமோட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெசனம் வேண்டாமுங்க. அதுக்குத்தான் இதக் கொண்டாந்திருக்கறேன்.” பழனியாத்தாள் கவரை நீட்டினாள். “இது காயிதத்துல போட்டது. அழியாது. பெரியவிங்களுக்கும் காட்டுங்க. புள்ள நேர்லயும் வந்திருக்குது.”

கருணாம்பாள் போட்டோவை உருவினாள். பார்த்தாள். புருவம் லேசாக ஏறியது.

“இது வேற போட்டோவாட்ட இருக்குதுங்களே.”

மதியம் அங்கன்வாடியில் பிள்ளைகளை எண்ணும்போது ஒரு தலை குறைந்தால் பழனியாத்தாள் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். இப்போதும் அப்படித்தான் தொடங்கினாள்.

“வேறன்னா?” என்றாள் மெதுவாக. “எதுக்கு வேறங்க அண்ணி?”

“இல்லீங்க, சும்மா... வாய்ல வந்துச்சு...”

“ஒரு கண்ணுகூடப் பாக்கலீன்னீங்க. பாக்காத போட்டோவுக்கு இது எப்பிடி வேறயாகும்?”

வெளியே தறி அடித்துக்கொண்டே இருந்தது. கருணாம்பாள் போட்டோவைக் கவருக்குள் திருப்பி நுழைக்கப் பார்த்தாள். அது உள்ளே போகவில்லை.

“விடு கருணா” என்றார் மாசாணம். ரிமோட்டைக் கீழே வைத்தார். “பாத்தமுங்க. நீங்க அனுப்புன வியாழக்கெழமை ராத்திரியே பாத்தமுங்க.”

பழனியாத்தாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். “எந்தப் போட்டோடா அனுப்புனே?”

“லின்சியக்கா கல்யாணத்துல எடுத்ததும்மா” என்றான் கதிர். குரல் உள்ளே போயிருந்தது. “அதுலதான் அக்கா நல்லாச் சிரிச்சுட்டிருக்கும்.”

லின்சி ஜெபமணியின் மகள். சர்ச் வாசலில் எடுத்த படம்.

“பின்னாடி சிலுவை தெரியுதுங்க” என்றாள் கருணாம்பாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் அவள் குரல் திடமானது. “எங்களுக்குச் சாமியில வித்தியாசமெல்லாம் இல்லீங்க. நானே வேளாங்கண்ணிக்குப் போயி மொட்டை போட்டவ. ஆனா பையன் கவர்மெண்ட் உத்தியோகம். சாதிச் சர்டிபிகேட் குடுத்து வாங்குன உத்தியோகம். நாளைக்கு எவனாச்சும் பொறாமை புடிச்சவன் ‘இவிங்க வேதத்துல சேந்த சனம், சர்டிபிகேட் செல்லாது’ன்னு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டான்னா? அதத்தான் யோசிச்சோம்.”

“ஏனுங்க, எங்க சின்னம்மா சர்ச்சுக்குப் போறதுக்கும் உங்க பையன் சர்டிபிகேட்டுக்கும் என்ன சம்மந்தம்?” என்றாள் யுவஸ்ரீ.

“அதெல்லாம் உனக்குத் தெரியாது கண்ணு. பெரியவிங்க பேசிக்கறோம்.”

“சரி, யோசிச்சீங்க. வேண்டாம்னு தோணுச்சு. தப்பில்ல” என்றாள் பழனியாத்தாள். “பாலுசாமி கிட்ட ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கலாமல்ல?”

“முடியாதுன்னு சொல்லி அனுப்பறது மருவாதி இல்லீன்னு பாத்தோமுங்க. அதுலயே போட்டிருந்துச்சு, வெள்ளிக்கெழமை சாயங்காலத்தோட படம் போயிரும்னு. சரி, தானாப் போறது போகட்டும், யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்னு விட்டுட்டோம்.”

பழனியாத்தாள் எழுந்தாள். காலையில் மகனிடம் வெடித்த வெடிப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இது சத்தமில்லாமல் வந்தது.

“யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்னு... படம் போயிருச்சுன்னு தெரிஞ்சே, ஒறம்பரையெல்லாம் கூட்டி உக்கார வெச்சு, இந்த டிவியில போட்டீங்க. அப்பிடித்தானுங்க?”

கருணாம்பாள் புருஷனைப் பார்த்தாள்.

“உங்க பெரியவரு எங்களத் திமிரு புடிச்சவிங்கன்னு எந்திரிச்சுப் போனாரே, அப்பவாச்சும் ‘இல்லீங்க, நாங்க பாத்துட்டம்’னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க. குடுத்த போட்டோவப் புடுங்கிக்கிட்டவிங்கன்னு பத்து ஊருக்கு எங்க பேரு போயாச்சு. இனி எவன் எங்க ஊட்டுப் படி ஏறுவான்? இந்தப் பையன் முட்டாத்தனமாச் செஞ்சான், ஒத்துக்கறேன். காலையில இருந்து அவன வாய்க்கு வந்தபடி பேசிட்டு வாரேன். ஆனா அவன் செஞ்சது கோளாறுங்க. நீங்க செஞ்சது?”

“அம்மிணி, உக்காருங்க” என்றார் மாசாணம்.

“நான் உக்காரலீங்கண்ணா.”

கருணாம்பாள் குரலை இறக்கினாள். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. நேர்ல வந்துட்டீங்க, புள்ளையும் லட்சணமாத்தான் இருக்குது. பெரியவிங்ககிட்ட நாங்க சொல்லிக்கறோம், ஏதோ மிசின் கோளாறுன்னு. நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. உங்க தங்கச்சி ஊட்டுப் போக்குவரத்தக் கொஞ்சம் கொறச்சுக்கங்க. பத்திரிகையில அவிங்க பேரு வேண்டாம். கல்யாணத்துல முன்னால வந்து நிக்க வேண்டாம். அவ்வளவுதானுங்க.”

யுவஸ்ரீ தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழனியாத்தாளுக்குப் பல்லடத்துப் போன் பேச்சு நினைவுக்கு வந்தது. இந்த அம்மாள் வாய்விட்டுக் கேட்கிறதை, கேட்காமலே தான் பாதி செய்துவைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் சுருக்கென்று தைத்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

“இவங்கப்பா போனப்ப ஆறு மாசம் நான் படுத்தே கெடந்தேன். இந்த ரெண்டையும் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கோடம் தாட்டி விட்டது அவ. ஒரு நாளும் இதுகள சர்ச்சுக்கு வாங்கன்னு கூப்புட்டதில்ல. செவ்வாக்கெழமையானா அவளே மாரியாத்தா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவா. இதுக சுத்திட்டு வர்ற வரைக்கும் வெளிய நின்னு செருப்பப் பாத்துக்குவா. அவ பேரு இல்லாத பத்திரிகையில என்ற பேரும் இருக்காதுங்க.”

“ஆத்தரப்படாதீங்க—”

“ஆத்தரந்தானுங்க. நம்ம அப்பன் ஆத்தாளுக்குக் காட்டுக்காரங்க தண்ணி எப்பிடிக் குடுத்தாங்கன்னு உங்களுக்கு ஞாவகம் இருக்குதா அண்ணா? சொம்பு குடுக்க மாட்டாங்க. ஒசக்க இருந்து ஊத்துவாங்க, கையேந்திக் குடிக்கோணும். ‘எட்டி நில்லு’ன்னு சொல்றதக்கூடச் சிரிச்ச மூஞ்சியோட மருவாதியாத்தான் சொல்லுவாங்க. அதையெல்லாம் தாண்டி இந்த ஊட்டக் கட்டி, டிவிய மாட்டி... இப்ப நம்ம சனத்த நாமளே எட்டி நில்லுங்கறமா?”

மாசாணம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. “நான் அன்னைக்கே சொன்னேன், நேராச் சொல்லிரலாம்னு” என்றார், யாரையும் பார்க்காமல்.

“யார்கிட்டச் சொன்னீங்க மாமா?” யுவஸ்ரீ கேட்டாள்.

“ஊட்டுலதான் கண்ணு.”

“ஊட்டுலன்னா யாரு யாரு? வியாழக்கெழமை ராத்திரி போட்டோவப் பாத்தது எத்தன பேரு?”

கருணாம்பாள் சட்டென்று, “அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றாள்.

பழனியாத்தாளுக்கு மகளின் கேள்வி எங்கே போகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மாட்டின் கழுத்தில் கை போட்டுச் சிரித்தவன் ஒருத்தன் இந்த வீட்டில் இருக்கிறான். நடந்ததில் அவனுக்குப் பங்கு உண்டா இல்லையா? கிளம்பலாம் வா என்று மகளின் கையைப் பிடிக்க நீட்டிய கையைப் பழனியாத்தாள் இழுத்துக்கொண்டாள்.

வாசலில் பைக் வந்து நின்றது.

“கண்ணு, பின்னால பொடக்காலிப் பக்கமா வந்துரு!” கருணாம்பாள் பதறி ஓடினாள். “கை காலக் கழுவிட்டு அப்பிடியே சமையக்கட்டுக்கு வா, சோறு போடறேன். இங்க ஆளுக இருக்கறாங்க.”

அவள் போய்ச் சேர்வதற்குள் அன்புமணி வாசற்படி ஏறிவிட்டான். தோளில் தடுப்பூசி வைக்கிற ஐஸ் பெட்டி. சட்டையில் சாணிக் கறை. காலையிலிருந்து ஏதோ ஊரில் மாட்டு முகாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். உள்ளே இருப்பவர்களைப் பார்த்ததும் பெட்டியை இறக்கிவைத்து, “வாங்க” என்று கை கூப்பினான். அப்புறம் யுவஸ்ரீயைப் பார்த்தான்.

பழனியாத்தாள் அவன் முகத்தையே கவனித்தாள். மகளை முன்பே பார்த்தவன் போலவும் இருந்தது, பார்க்காதவன் போலவும் இருந்தது. கூப்பிய கை மட்டும் கீழே இறங்க மறந்து அப்படியே நின்றது.

“அன்பு, உள்ள போ சாமி” என்றாள் கருணாம்பாள்.

அவன் நகரவில்லை. யுவஸ்ரீ எழுந்தாள். டிவிக்கு முன்னால் வந்து அவனுக்கு நேராக நின்றாள். குரல் உயரவில்லை.

“ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். நேத்து இத்தன பேரு முன்னாடி இந்த டிவியில அந்தச் சாம்பக் கட்டத்தப் போட்டப்ப, என்ற போட்டோவப் பாத்துட்டுத்தான் பேசாம உக்காந்திருந்தீங்களா?”